அன்றாடம் ஓட்டும் ஆஃப்ரோடு வண்டிக்கு ஆல்-டெரெய்ன் டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

தார்ச்சாலை, மண் பாதை இரண்டிலும் ஓடுவதற்கான ஆல்-டெரெய்ன் டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்களைத்தான். பட்டன் எவ்வளவு பெரியது, இடைவெளி எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகிறது என்பதை வைத்தே பாதித் தீர்மானம் முடிந்துவிடுகிறது. வார நாள்களில் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்து, விடுமுறையில் மட்டும் மண் பாதையிலோ ஆற்றுப் படுகையிலோ இறங்கும் வண்டிக்கு இந்த வரிசை சரிப்படாது. அப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது டயரின் உள்கட்டமைப்பு. அடுத்தது, நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடிப்பு. பட்டனின் தோற்றம் அதற்குப் பிறகுதான். நன்கு அறியப்பட்ட சில டயர்களை இந்த வரிசையிலேயே வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

உள்கட்டமைப்பு என்று நான் சொல்வது, பயணிகள் வாகன வகையா, இலகு ரக டிரக்குகளுக்கான எல்டி வகையா என்ற வேறுபாட்டை. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இரண்டும் விற்கப்படுவதால்தான் குழப்பம் வருகிறது. கூப்பர் நிறுவனத்தின் டிஸ்கவரர் ஏடி3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்யூவிகளுக்கும் சிறிய பிக்கப்புகளுக்கும் 4எஸ், சுமையேற்றும் வண்டிகளுக்கு எல்டி, இன்னும் முரட்டுப் பயன்பாட்டுக்கு எக்ஸ்எல்டி என்று ஒரே பெயருக்குக் கீழே மூன்று டயர்கள் இருக்கின்றன. "ஏடி3 போட்டேன், வண்டி கல்லு மாதிரி குதிக்கிறது" என்று ஒருவரும், "ஏடி3 போட்டேன், சொகுசு கொஞ்சமும் குறையவில்லை" என்று இன்னொருவரும் சொன்னால் இருவருமே உண்மையைச் சொல்லலாம். அவர்கள் பேசுவது இரு வேறு டயர்களைப் பற்றி. ஆகவே, ஒரு டயரைப் பற்றிய எந்தக் கருத்தைக் கேட்டாலும், அது எந்த அளவு, எந்தச் சுமை வகை என்பதைக் கேட்காமல் அந்தக் கருத்தை நம்புவதில் பயனில்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படித் தெரிகிறது என்பதை எண்களில் பார்த்தால் எளிதாக விளங்கும். டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 112 என்று இருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள்; 115 என்றால் 1,215 கிலோ; 121 என்றால் 1,450 கிலோ. பயணிகள் வகை டயர் ஒன்று அந்த 1,120 கிலோவைச் சுமார் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றிலேயே தாங்கிவிடும். 265/70 ஆர்17 அளவில் (265 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 அங்குல ரிம்) சி சுமை வகையைச் சேர்ந்த எல்டி டயருக்கும் குறியீடு 112தான். ஆனால் அதே எடையைத் தாங்க அதற்கு 50 பிஎஸ்ஐ வேண்டும். அதைவிடக் கூடுதல் சுமை தாங்கும் இ சுமை வகையில் 121 என்ற முழுத் திறனை எட்ட 80 பிஎஸ்ஐ தேவை. ஆக, எல்டி டயரை மாட்டிவிட்டுக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையில் உள்ள காற்றையே வைத்தால், அந்த டயர் வண்டியின் எடைக்குக் குறைவான காற்றோடுதான் ஓடுகிறது. பக்கச்சுவர் அதிகமாக மடங்கி, சூடேறி, ஓரப் பட்டன்கள் சீக்கிரம் தேயும். காற்றைக் கூட்டி வைத்தால், காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டயர் நிறுவனத்தின் சுமை-காற்று அட்டவணையைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

எடை இன்னொரு விஷயம். ஒரே அளவில் எல்டி டயர், பயணிகள் வகை டயரைவிட 4, 5 கிலோ கூடுதலாக இருப்பது சாதாரணம். வண்டிக்குள் இருபது கிலோ சாமானை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. அதே இருபது கிலோ நான்கு சக்கரங்களில் சுழலும்போது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இன்ஜின் அதைச் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிரேக் அதை அடக்க வேண்டும், ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் அதன் துள்ளலைக் கட்டுப்படுத்த வேண்டும். நெரிசலில் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் எரிபொருள் செலவு கூடுவதற்குப் பட்டன்களோடு இந்த எடைக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் எல்டி யாருக்கு? கூர்மையான கற்கள் உள்ள பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கும், பின்புறம் நிறையச் சுமை ஏற்றுபவர்களுக்கும், டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் அது வேண்டும். சாலையைத் தொடும் டிரெட் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரின் கதை அங்கேயே முடிந்தது; அதைப் பாதுகாப்பாக ஒட்டிச் சரிசெய்ய வழி கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கற்களுக்கு நடுவே, பக்கச்சுவரில் மூன்று அடுக்கு உள்ள டயர் தரும் நிம்மதிக்காக மற்ற நாள்களின் குலுக்கலைப் பொறுத்துக்கொள்வது நியாயமே. ஆனால் உங்கள் ஆஃப்ரோடு பயணம் என்பது செம்மண் பாதையும், சரளைக்கல் சாலையும், எப்போதாவது ஒரு வயல்வரப்பும் மட்டும்தான் என்றால், வாங்கும் டயர் பயணிகள் வகையாகவே இருக்கட்டும். தேவைக்கு மேல் கனமான டயரை மாட்டிக்கொண்டு அலைவதே இந்தச் சந்தையில் நான் அதிகம் பார்க்கும் வீண் செலவு.

இனி ஈரச்சாலை. அன்றாடம் ஓடும் வண்டிக்கு ஆபத்து வரும் இடம் பெரும்பாலும் காட்டுப்பாதை அல்ல. மழை பெய்து முடிந்த தார்ச்சாலையில், முன்னால் போகும் வண்டி திடீரென நிற்கும் அந்த இடம்தான். ஆல்-டெரெய்ன் டயரின் பெரிய பட்டன்கள் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது சற்று நெளிகின்றன. இடைவெளிகள் அதிகம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. அத்துடன், கற்களில் சிதைந்து பெயராமல் இருப்பதற்காகக் கலவையைக் கடினமாக்கினால் ஈரப் பிடிப்பு குறையும். பிடிப்புக்காக மென்மையாக்கினால் சரளைக்கல் பட்டன்களின் விளிம்பைக் கடித்துத் தின்றுவிடும். சிலிக்கா சேர்த்த புதிய கலவைகள் இந்த இழுபறியை ஓரளவு தளர்த்தியிருக்கின்றன. ஆனால் எந்த நிறுவனமும் அதை முழுமையாக வென்றுவிடவில்லை.

கடையில் டயரைப் பார்க்கும்போது இதில் ஒரு பகுதியை நாமே சோதித்துக்கொள்ளலாம். பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வளைவுக் கோடுகள் இருக்கும். ஈரத்திலும் பனியிலும் சாலையைப் பற்றும் கூடுதல் விளிம்புகள் அவை. கட்டைவிரலால் பட்டனை அழுத்தி ஒருபுறம் தள்ளினால் கோடு விரியும்; அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். சில டயர்களில் அந்தக் கீறல் ஏறக்குறைய பள்ளத்தின் அடிவரை போகிறது. சிலவற்றில் பாதி ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட டயர் பாதி தேய்ந்தவுடன் கீறல் இல்லாத மொட்டைப் பட்டன்களோடு மீதி ஆயுளை ஓட்டும். புதிதாக இருக்கும்போது அருமையாகப் பிடித்த டயர் இரண்டாம் மழைக்காலத்தில் வழுக்குகிறதே என்று பலர் வியப்பதற்கு, ரப்பர் நாளடைவில் இறுகுவதோடு இதுவும் ஒரு காரணம். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வரிசையாக இருந்தால் அவை சிக்கிய கற்களை வெளியே தள்ளுவதற்கானவை. சரளைச் சாலையில் அதிகம் ஓடுகிறவர்களுக்கு அவை மிகவும் பயன்படும். இல்லையென்றால் சிக்கிய கல் மெல்ல மெல்ல அடிரப்பரைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

பனி விழும் இடங்களில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் பட்டன்களின் அமைப்பை மட்டுமே குறிக்கின்றன. அதற்குப் பனியில் சோதனை எதுவும் கட்டாயமில்லை. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை இருந்தால், அந்த டயர் பனியில் இழுவைச் சோதனையைக் கடந்தது என்று பொருள்.

பெயர்களுக்கு வருவோம். இந்த வகையை மக்களிடம் கொண்டுசேர்த்ததில் பிஎஃப்குட்ரிச் நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் ரேடியல் ஆல்-டெரெய்ன் டி/ஏ 1976இல் வந்தது. 2014இல் வந்த கேஓ2 நீண்ட காலம் மற்ற எல்லா டயர்களையும் ஒப்பிடும் அளவுகோலாகவே இருந்தது. ஃபோர்டு ராப்டர், ஜீப் ராங்ளர் ரூபிகான் போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அதோடு வெளிவந்தன. மூன்றடுக்குப் பக்கச்சுவர், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பட்டன்கள், தோள்பகுதியில் தடித்த ரப்பர் ஆகியவை அதன் பலம். கற்களில் சிதைவதில்லை, நீண்ட நாள் உழைக்கிறது என்ற பெயரை அது நியாயமாகவே சம்பாதித்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் எல்டி கட்டமைப்பில் கிடைக்கும் டயர். மேலே சொன்ன எடையும் இறுக்கமும் அதற்கும் பொருந்தும். ஈரச்சாலைப் பிடிப்பில் அதற்குப் பிறகு வந்த வடிவமைப்புகள் அதை முந்திவிட்டன என்பது என் கணிப்பு. அடுத்த தலைமுறையான கேஓ3 வந்துவிட்ட நிலையில், மீந்த சரக்காகக் கிடைக்கும் கேஓ2ஐ வாங்குவது, கல்லும் முள்ளுமான பாதையே பிரதானம் என்பவர்களுக்கு மட்டும் பொருத்தம்.

சுமிட்டோமோ குழுமத்தின் ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ வேறொரு திசையில் யோசிக்கப்பட்டது. எல்டி அளவுகளில் அதன் பட்டன் ஆழம் 18/32 அங்குலம் வரை, அதாவது 14 மி.மீட்டருக்குச் சற்று மேல், போகிறது. கேஓ2இல் அது 15/32 அங்குலம், ஏறக்குறைய 12 மி.மீ. கீறல்கள் ஆழமானவை; பனி முத்திரையும் உண்டு. மழைச்சாலையில் நம்பிக்கை தரும் முரட்டு டயர் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். அந்த ஆழத்துக்கான விலையை எடையிலும், புதிதாக இருக்கும்போது ஸ்டீயரிங்கில் தெரியும் சிறிய தளர்விலும் கொடுக்க வேண்டும். உயரமான பட்டன் அதிகம் நெளியும் என்பதால் வளைவில் வண்டி அரைக் கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் தோன்றும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அது குறைந்துவிடும். பயணிகள் வகை அளவுகளில் பட்டன் ஆழமும் எடையும் குறைவு; ஆகவே அன்றாட வண்டிக்கு அந்த அளவுகளே மேல். இதற்கும் ஏ/டி4டபிள்யூ என்ற அடுத்த தலைமுறை வந்திருக்கிறது.

யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015, படத்தில் பார்த்தால் யாரையும் கவராது. பட்டன்கள் நெருக்கம், தோற்றம் அடக்கம். ஆனால் அன்றாட வண்டியின் உரிமையாளருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் டயர் இதுவே. பயணிகள் வகை அளவுகள் ஏராளம், எடை மிதம், பனி முத்திரை உண்டு, சத்தம் குறைவு. ஒட்டும் களிமண்ணில் நெருக்கமான பட்டன்கள் சீக்கிரம் அடைத்துக்கொண்டு மொட்டை டயர்போல் வழுக்கும் என்பது உண்மை. ஆழமான சேற்றில் அடிக்கடி இறங்குகிறவர்கள் வேறு பக்கம் பார்க்கட்டும். குட்இயர் ராங்ளர் டூராட்ராக் அந்த வேறு பக்கத்தில் நிற்கிறது. ஆல்-டெரெய்னுக்கும் சேற்று டயருக்கும் நடுவிலான அதன் அகலப் பள்ளங்கள் சேற்றை உதறித் தள்ளும், அதே பள்ளங்கள் நெடுஞ்சாலையில் பாடவும் செய்யும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்லலாம், ஏனெனில் புதிய டயரின் சத்தத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நல்ல டயர்களில் பட்டன்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. வேண்டுமென்றே சற்று நீண்டும் குறுகியும் மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஒரே சுருதியில் ஊளையிடாமல் சத்தம் பல சுருதிகளில் சிதறிப்போவதற்கான ஏற்பாடு அது. ஆனால் டயர் தேயத் தொடங்கியதும் ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தேயும். உள்ளங்கையை டிரெட்டின் மேல் வைத்து முன்னோக்கித் தடவினால் வழுவழுப்பாகவும், பின்னோக்கித் தடவினால் ரம்பத்தின் பல்போல் தடுக்கியும் இருந்தால் அந்தத் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அறியலாம். சக்கரத் தாங்கி போய்விட்டதோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு முனகல் வருவது பெரும்பாலும் இதனால்தான். சுமார் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டால் இது பெருமளவு கட்டுக்குள் இருக்கும். விட்டுவிட்டு முற்றிய பின் மாற்றினால் பயன் குறைவு.

அளவைப் பெரிதாக்கும் ஆசை இந்த வாங்குதலோடு கூடவே வருவது. 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ.; 265/70 ஆர்17 என்றால் 803 மி.மீ. தரையிலிருந்து உயரம் கூடுவது அதில் பாதிதான், அதாவது 13 மி.மீ. போல. வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103க்குச் சற்று மேல் ஓடும். பல வண்டிகள் இந்த அளவைப் பெரிய மாற்றமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 285/70 ஆர்17 என்று போனால் விட்டம் 7 சதவீதம் கூடிவிடும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள் பிளாஸ்டிக்கிலோ மட்கார்டிலோ உரசல், இழுவையில் மந்தம், பிரேக் பிடிக்கும் தூரத்தில் கூடுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சமதளத்தில் உரசாத டயர், ஒரு சக்கரம் மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது உரசும் என்பதால், கடை வாசலில் திருப்பிப் பார்த்துவிட்டு "இடிக்கலை சார்" என்று சொல்வதை நம்பக் கூடாது. அகலத்தைக் கூட்டுவதற்கு நான் இன்னும் எதிரானவன். அகலமான டயர் தேங்கிய நீரின் மேல் மிதக்கும் போக்கு உடையது. உயரமான பக்கச்சுவர் தரும் நன்மை அகலத்தால் கிடைப்பதில்லை.

ஆஃப்ரோடில் டயரின் தோற்றத்தைவிட அதிலுள்ள காற்றே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சரளைச் சாலையில் வழக்கத்தைவிடச் சில பிஎஸ்ஐ குறைத்தாலே வண்டியின் அதிர்வும், கல் குத்திக் கிழிக்கும் வாய்ப்பும் குறையும். மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், சாதாரண சாலை டயரும், காற்றை இறக்காத விலையுயர்ந்த ஆல்-டெரெய்னை முந்திக்கொண்டு போகும். காற்று இறங்கும்போது டயர் பதியும் தடம் அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. வண்டியை மணலில் மிதக்க வைப்பது அந்த நீளமே. தடித்த எல்டி டயர் அவ்வளவு எளிதில் தளராது; அதே தடத்தைப் பெற இன்னும் கீழே இறக்க வேண்டியிருக்கும். இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டவோ சட்டென்று திருப்பவோ கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் உடனே நிரப்ப வேண்டும். ஆகவே, டயருக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு நல்ல கம்ப்ரஸருக்கும் அழுத்தமானிக்கும் இடம் விட்டு வையுங்கள்; அதற்காக ஒரு படி மலிவான டயரை எடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

உழைப்பைக் குறிக்கும் டிரெட்வேர் எண்ணை ஒப்பிட்டு வாங்குவதில் அவ்வளவு பொருளில்லை. நிலையான ஒரு டயரை 100 என்று வைத்து ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே இடும் எண் அது. எல்டி வகைக்கு அந்த எண்ணே கட்டாயமில்லை. தயாரிப்புத் தேதி அப்படியல்ல, அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதிகம் விற்காத அளவுகளில் கடையின் மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயர் வர வாய்ப்புண்டு. ஐந்தில் ஒன்று மட்டும் பழையதாக இருப்பதும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள்.

ஐந்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செலவை மிச்சப்படுத்த நான்கு மட்டும் வாங்கி, ஸ்டெப்னியாகப் பழைய டயரையே விட்டுவைக்கும் வழக்கம், நிரந்தர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் தொல்லையைத் தேடிக்கொள்வதாகும். விட்டம் வேறுபட்ட ஒரு சக்கரத்தோடு ஓடும்போது முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் நடு டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கர இயக்கத்தைக் கையால் போடும் வண்டியிலோ, அதைப் போட்டுக்கொண்டு கெட்டியான தரையில் ஓடினால் கியர்கள் இறுகிக்கொள்ளும். ஐந்தையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரே அளவில் தேயும். வழியில் ஒன்று கிழிந்தாலும் மாட்டப்போவது மற்றவற்றோடு ஒத்த டயராக இருக்கும். பெரிய அளவுக்கு மாறியிருந்தால், வண்டியின் அடியிலோ பின்கதவிலோ உள்ள ஸ்டெப்னி இடத்தில் புதிய டயர் பொருந்துகிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்ப்பதும், சேற்றில் இறங்கி வந்தபின் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங்குக்கு ஓடும் முன் ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிப் பார்ப்பதும் நல்லது.